பாதரசத்துக்குப் பதிலாக உப்புநீர்

சாய்வு ஸ்விட்ச் என்று சொல்லப்படும் சாதனத்தின் பழைய வடிவத்தில் பாகங்கள் அதிகமில்லை. இரண்டு விரற்கடை நீளமுள்ள கண்ணாடிக் குப்பி ஒன்று, அதன் ஒரு முனையில் கண்ணாடியோடு உருக்கிப் பதித்த இரண்டு கம்பிகள், உள்ளே பட்டாணியளவு பாதரசம், அவ்வளவே. கம்பிகள் உள்ள பக்கமாகக் குப்பியைச் சற்றே சாய்த்தால் துளி உருண்டு சென்று இரண்டையும் ஒருசேர மூழ்கடிக்க, மின்சாரம் பாய்கிறது. எதிர்ப்புறம் சாய்த்தால் துளி விலகிச் சுற்று அறுபடுகிறது. 1953-ல் ஹனிவெல் கம்பெனி வெளியிட்டதும், ஹென்றி ட்ரைஃபஸ் என்ற நிபுணர் உருக்கொடுத்ததுமான வட்டவடிவத் தெர்மோஸ்டாட்டினுள் இத்தகைய குப்பியொன்றை, இரு லோகங்களை ஒட்டிச் சுருட்டிய சுருளின் மீது ஏற்றிவைத்திருந்தார்கள். அறையின் உஷ்ணம் குறையக் குறையச் சுருள் திரும்பிக் குப்பியைச் சாய்க்க, துளி உருண்டு கம்பிகளைச் சேர, வீட்டின் அடித்தளத்தில் உலை மூண்டெழும். அமெரிக்க வீடுகளின் சுவர்களில் இந்தச் சிறு நாடகம் பல தலைமுறை ஓசையின்றி நடந்து வந்தது.

இன்று வீட்டிலிருந்தபடியே மின்னணுக் கருவிகளைச் செய்து பார்க்கும் ஆர்வமுள்ளவர், பெட்டியைத் தூக்கினால் மணியடிக்கவோ, மூடியைத் திறந்தால் விளக்கெரியவோ ஒரு சாய்வு ஸ்விட்ச் செய்ய எண்ணினால், பாதரசத்தை அவர் நாடக்கூடாது. அதனிடத்தில் வைக்கத்தக்க, மின்சாரத்தைக் கடத்துகின்ற, அபாயமற்ற திரவம் எது என்ற கேள்வி எளிதாகத் தோன்றுகிறது. ஆராய்ந்து பார்த்தால், கேள்வியையே வேறு விதமாகக் கேட்க வேண்டியிருப்பது தெரிகிறது.

பாதரசம் இந்த வேலைக்கு எவ்வளவு பொருத்தமானது என்பதை உணர்ந்தால்தான் மாற்றுத் தேடுவதிலுள்ள சிரமம் விளங்கும். அது லோகம், ஆகையால் அதில் மின்சாரம் பாய்வது எலெக்ட்ரான்களின் ஓட்டத்தால், எத்தனை காலம் பாய்ந்தாலும் பாதரசம் பாதரசமாகவே இருக்கிறது. செம்பைக் காட்டிலும் ஐம்பது அறுபது மடங்கு அதிகத் தடை கொண்டதாயினும், குப்பிக்குள் மின்சாரம் கடக்கவேண்டிய தூரம் சில மில்லிமீட்டரேயாதலால் அந்தத் தடை கணக்கில் வருவதில்லை. சென்டிகிரேட் அளவில் பூஜ்யத்துக்குக் கீழே 39 டிகிரியில் உறைவதும் 357 டிகிரியில் கொதிப்பதுமான அந்தத் திரவம், தண்ணீரைப்போல் பதின்மூன்றரை மடங்கு கனமுள்ளதாகையால், சிறிது சாய்த்தாலும் தயங்காமல் நகர்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அதன் பரப்பு இழுவிசை தண்ணீருடையதைவிட ஆறு மடங்குக்கும் அதிகம். அதனால் கண்ணாடியின் மேல் அது தாமரை இலைத் தண்ணீராக உருள்கிறதேயன்றி ஒட்டுவதில்லை, போன வழியில் ஈரத்தை விட்டுச்செல்வதுமில்லை. கம்பியை விட்டுப் பிரியும்போது பொறி பறந்தாலும், ஹைட்ரஜனோ மந்த வாயுவோ அடைத்து மூடிய குப்பிக்குள் அந்தப் பொறியால் கெடக்கூடிய திடமான முகம் எதுவும் துளிக்குக் கிடையாது. ஒவ்வொரு முறை உருளும்போதும் புதிய முகத்தோடு வந்து சேருகிறது. இவ்வளவு குணங்களும் ஒரே திரவத்தில் கூடியிருப்பதற்கு இயற்கையில் இரண்டாவது உதாரணம் இல்லை.

அப்படிப்பட்டதை ஏன் விலக்கவேண்டும்? பாதரசத் துளியைக் கையில் தொட்டால் உடனே மரணம் என்பதுபோன்ற பீதி அவசியமில்லை. தவறி விழுங்கிவிட்டாற்கூட அதன் பெரும்பகுதி குடலில் கலவாமல் வெளியேறிவிடும். விஷம் அதன் ஆவியில் இருக்கிறது. நிறமும் மணமுமற்ற அந்த ஆவி சுவாசத்தோடு உள்ளே போனால், ஐந்தில் நான்கு பங்கு நுரையீரல் வழியாக ரத்தத்தில் கலந்து மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்குகிறது. 20 டிகிரி உஷ்ணத்தில் பாதரச ஆவி நிறைந்து நிற்கும் காற்றில் ஒரு கன மீட்டருக்கு சுமார் 13 மில்லிகிராம் இருக்கும். தொழிலாளர் சுவாசிக்கத்தக்கதென்று அமெரிக்கத் தொழிற்சுகாதார நிபுணர் வகுத்த வரம்போ 0.025 மில்லிகிராம்தான். பழைய தெர்மோஸ்டாட் குப்பியொன்றில் 3 கிராம் அளவுக்குப் பாதரசம் இருந்ததென்றால், அது முழுவதும் ஆவியானால் எத்தனை வீடுகளின் காற்றைக் கெடுக்கும் என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்ளலாம். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் விற்பனையான, அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் மினுக்கும் குழந்தைக் காலணிகள் சிலவற்றின் குதிகாலில் இந்த ஸ்விட்ச்சே இருந்தது என்பதை அறியும்போது, யுக்திக்கும் புத்திக்கும் எப்போதும் சம்பந்தம் இருப்பதில்லை என்று எண்ணத் தோன்றுகிறது. தமிழ்நாட்டிலேயே, கொடைக்கானலில் தெர்மாமீட்டர் தயாரித்துவந்த தொழிற்சாலையிலிருந்து பாதரசம் கலந்த கண்ணாடிச் சில்லுகள் பழைய சாமான் கடைக்குச் சென்றது வெளிப்பட்டு, 2001-ல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்ட வரலாறு பலருக்கும் நினைவிருக்கும். 2013-ல் ஜப்பானில் கையெழுத்தான மினமாட்டா உடன்படிக்கை, பாதரசம் அடங்கிய ஸ்விட்ச்சுகளின் உற்பத்திக்கும் வாணிகத்துக்கும், சில நுண்கருவிகள் நீங்கலாக, 2020-ஐ எல்லையாகக் குறித்துவிட்டது.

லோகத்துக்கு மாற்று லோகமே என்று எண்ணுபவருக்கு முதலில் நினைவுக்கு வருவது காலியம். 1871-ல் மெண்டலீஃப் தம்முடைய தனிம அட்டவணையில் இடம் ஒதுக்கிவைத்து, இன்ன குணங்களோடு இப்படியொரு தனிமம் இருக்கவேண்டும் என்று சொல்ல, நான்கே ஆண்டுகளில் பிரெஞ்சு விஞ்ஞானி லெகாக் த புவாபோத்ரான் கண்டெடுத்த லோகம் அது. 29.8 டிகிரியில் உருகுகிறது. சென்னையில் சித்திரை வைகாசி மாதங்களில் மேஜைமேல் வைத்திருந்தாலே திரவமாகிவிடும், மார்கழி விடியற்காலையில் கட்டியாகிவிடும். இந்த நிலையின்மையை நீக்குவதற்காக அதனோடு இண்டியத்தைக் கால்பங்கு அளவுக்குச் சேர்த்தால் உருகுநிலை 16 டிகிரிக்கு இறங்குகிறது. வெள்ளீயத்தையும் சேர்த்துச் செய்யும் காலின்ஸ்டான் என்ற கலவை இன்னும் குளிரிலும் உறையாதது, இன்று பாதரசமற்ற தெர்மாமீட்டர்களில் பயன்படுவது. மின்சாரத்தைக் கடத்துவதில் பாதரசத்தைப்போல் மூன்று மடங்கு திறமை. அறையின் உஷ்ணத்தில் ஆவியென்று சொல்லத்தக்க எதையும் வெளியிடுவதில்லை. விஷத்தன்மையும் மிகக் குறைவு. இதற்குமேல் என்ன வேண்டும் என்று தோன்றும்.

ஆனால் இந்தக் கலவையில் ஒரு துளியைக் கண்ணாடித் தட்டில் விட்டுச் சாய்த்துப் பார்த்தவர்களுக்கு உற்சாகம் அடங்கிவிடும். துளி உருள்வதில்லை, வால் விட்டுக்கொண்டு இழுபடுகிறது, போன இடமெல்லாம் வெள்ளிப்பூச்சுப் பூசிக்கொண்டு போகிறது. காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்த கணமே அதன் முகத்தில் காலியம் ஆக்ஸைடு சவ்வு ஒன்று படர்ந்துவிடுகிறது. சில நானோமீட்டர் கனமேயுள்ள அந்தச் சவ்வு துளியை ஒரு பைக்குள் அடைத்தாற்போல் பிடித்துக்கொள்வதுடன், கண்ணாடியிலும் பெரும்பாலான பரப்புகளிலும் ஒட்டிக்கொள்கிறது. இரண்டு கம்பிகளுக்கும் இடையே அந்தப் பூச்சு ஒருமுறை படிந்தால் ஸ்விட்ச் என்றென்றைக்கும் மூடியேயிருக்கும். தெர்மாமீட்டர் செய்பவர்கள் குழாயின் உட்புறத்துக்கு முன்கூட்டியே காலியம் ஆக்ஸைடு பூசி, காற்றை அகற்றி, இந்தத் தொல்லையைத் தவிர்க்கிறார்கள். வீட்டில் செய்பவருக்குள்ள ஒரே வழி, துளியை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலோ காஸ்டிக் சோடாக் கரைசலிலோ மூழ்க வைத்திருப்பது. அவை சவ்வைக் கரைத்துவிடும், துளியும் பாதரசம் போலவே உருளும். பாதரசத்தை அபாயம் என்று ஒதுக்கிவிட்டு அமிலக் குப்பியைப் பெட்டிக்குள் வைப்பதில் என்ன லாபம்? போதாததற்கு, அலுமினியத்தின்மீது சிந்திவிட்டால் காலியம் அதனுள் ஊடுருவி அதைப் பொடிப்பொடியாக உதிரச் செய்யும். விலையும் அதிகம். சோடியம் பொட்டாசியம் கலவையும் சாதாரண உஷ்ணத்தில் திரவமாயிருக்கும் லோகமே என்று சிலர் சொல்லக்கூடும். தண்ணீர் பட்டால் தீப்பற்றி வெடிக்கும் அந்தப் பொருளைப்பற்றி இங்கே பேசவேண்டியதில்லை.

ஆகவே லோகங்களை விட்டு, கரைசல்களுக்கு வருகிறோம். உப்புக் கரைத்த தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தது; ஆனால் எப்படிக் கடத்துகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. செம்பு கடத்தும் அளவில் ஒரு கோடியில் ஒரு பங்குதான் கடலின் நீர் கடத்துகிறது; அதுவும் எலெக்ட்ரான்களால் அன்று, சோடியம், குளோரைடு என்ற அயனிகள் தாமே நீரினூடே நகர்ந்து செல்வதால். கம்பியில் வரும் எலெக்ட்ரான் நீருக்குள் இறங்க முடியாது. நீரிலுள்ள அயனி கம்பிக்குள் ஏற முடியாது. இரண்டும் சந்திக்கும் முகத்தில் ஏதேனும் ரசாயன மாறுதல் நடந்தால்தான் மின்சாரம் இடைவிடாது செல்லும். எதிர்முனையில் ஹைட்ரஜன் குமிழிட்டு எழுகிறது, சுற்றியுள்ள நீர் காரமாகிறது. நேர்முனையில் குளோரினோ ஆக்ஸிஜனோ எழுகிறது, அல்லது கம்பியே கரைகிறது. எவ்வளவு மின்சாரத்துக்கு எவ்வளவு பொருள் என்பதை 1830-களில் மைக்கேல் ஃபாரடே வகுத்துவைத்த விதி அணுவும் பிசகாமல் சொல்லும். சின்னஞ்சிறு எல்.இ.டி. விளக்கை எரிக்கப் போதுமான 10 மில்லி ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் உப்புநீர் வழியே சென்றால், ஹைட்ரஜன் மட்டுமே சுமார் நாலரை மில்லி லிட்டர் பிறக்கும். நன்றாக மூடிய, இரண்டு மில்லி லிட்டர் கொள்ளளவுள்ள குப்பிக்குள் இது நடந்தால், அழுத்தம் ஏறி மூடி தெறிக்கும். வெளிவரும் வாயுவும் தீப்பற்றக்கூடியது. எவர்சில்வர் ஊசிகளை வைத்தால் அவற்றிலுள்ள குரோமியமும் நிக்கலும் கரைந்து நீரை விஷமாக்கும்.

இந்த நிகழ்ச்சியை நேரில் காண ஆய்வுக்கூடம் செல்லவேண்டாம். மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் நிரம்பியதும் கீழே மணியடிக்கும்படி, பேட்டரியும் டிரான்சிஸ்டரும் கொண்டு பலர் தாமே அமைத்துக்கொள்ளும் எளிய சுற்றுகளில், தொட்டிக்குள் தொங்கும் செம்புக் கம்பிகளைச் சில மாதம் கழித்து வெளியே எடுத்துப் பார்த்தால் போதும். நேர்முனையோடு சேர்ந்த கம்பியின் நுனி பச்சையாகக் களிம்பேறி, மெலிந்து, தொட்டால் ஒடியும். எதிர்முனைக் கம்பியில், அங்கே நீர் காரமாவதால், தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து வெள்ளைக் காறையாகப் படிந்து இறுகியிருக்கும். ஒன்று தேய்ந்து, ஒன்று மூடுண்டு, சுற்று ஊமையாகிவிடுகிறது. ஸ்விட்ச் கெட்டுவிட்டது என்று சொல்லிப் புதுக்கம்பி மாட்டுகிறோமே தவிர, கெடுத்தது அதனூடே ஒரே திசையில் நாம் செலுத்திய மின்சாரம்தான் என்பதை எண்ணுவதில்லை.

இந்த இடத்தில்தான் கேள்வியைத் திருப்பிக் கேட்கவேண்டும். பாதரசக் குப்பி தோன்றிய காலத்தில், விளக்கோ மோட்டாரோ இழுக்கும் மின்சாரம் முழுவதையும் ஸ்விட்ச் தானே சுமக்கவேண்டியிருந்தது. அதற்கு லோகம் அவசியம். இன்றைய சுற்றில் ஸ்விட்ச் சுமக்கவேண்டியது செய்தியை மட்டும். மின்னணுச் சில்லின் வாயிலில் ஒரு மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவான மின்சாரமே நுழைகிறது, அந்த வாயிலை ஒரு மெகா ஓம் தடையின் வழியே 5 வோல்ட்டோடு இணைத்து, திரவம் அதைத் தரையோடு சேர்க்கிறதா இல்லையா என்று பார்த்தால், திரவத்தின் வழியே செல்வது 5 மைக்ரோ ஆம்பியர்தான், முன்சொன்ன எல்.இ.டி. மின்சாரத்தில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. மெகா ஓம் தடைக்கு எதிரே உப்புநீரின் சில நூறு ஓம் பொருட்டே அல்ல. ஏன், உப்பே வேண்டாம், குழாய்த் தண்ணீரின் சில ஆயிரம் ஓம்களும் பொருட்டல்ல. சிறந்த கடத்தியைத் தேடி அலைவதற்குப் பதிலாக, கடத்தவேண்டிய அளவைக் குறைத்துவிட்டால், சமையலறைத் திரவங்களில் பெரும்பாலானவை தகுதி பெற்றுவிடுகின்றன.

அத்தோடு முடிந்துவிடவில்லை. மின்சாரம் எவ்வளவு சிறிதாயினும் ஒரே திசையில் விடாமல் சென்றால், ரசாயன மாறுதல் மெதுவாக நடந்துகொண்டேயிருக்கும். அன்றியும் இரு முனைகளுக்கிடையே ஒன்று ஒன்றரை வோல்ட் எதிர்ப்பு வந்து நின்றுவிடும். தண்ணீரைப் பிரிப்பதற்கே குறைந்தது 1.23 வோல்ட் வேண்டும் என்பது இயற்கை விதித்த சுங்கம். 5 வோல்ட் சில்லுகள் பல, வாயிலில் 1.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால்தான் ஸ்விட்ச் மூடியதாக ஒப்புக்கொள்வதால், சுற்று திண்டாடும். மருந்து, திசையை மாற்றி மாற்றி விடுவது. ஆர்டுவினோ போன்ற சிறு கணிப்பலகை இருந்தால், ஒரு முனையை ஆயிரத்தில் ஒரு விநாடி நேரம் நேராக்கிப் பார்த்து, அடுத்த கணம் மறுமுனையை அதே அளவு நேரம் நேராக்கி, பிறகு இரண்டையும் ஓய்வில் விட்டுவிடும்படி செய்யலாம். விநாடிக்குப் பத்துமுறை இப்படிப் பார்ப்பது சாய்வை அறியத் தாராளமாகப் போதும். இவ்வளவு குறுகிய துடிப்பில் ரசாயன மாறுதல் தொடங்குவதற்கே அவகாசமில்லை. கம்பியின் முகத்தை ஒட்டி அயனிகள் நெருங்கி வந்து ஓர் அடுக்காகக் குவிகின்றன, திசை மாறியதும் கலைந்து விலகுகின்றன, அவ்வளவே. ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19-ஆம் நூற்றாண்டிலேயே விவரித்த இந்த இரட்டை அடுக்கு ஒரு மின்தேக்கியாக நின்று, எலெக்ட்ரானையும் அயனியையும் கைகலக்கவிடாமலே மின்சாரத்தைக் கடத்திவிடுகிறது. வாயு இல்லை, அரிப்பு இல்லை. முன்பு திரவத்தின்மேல் இருந்த பாரத்தைச் சுற்று ஏற்றுக்கொண்டுவிட்டது என்று சொல்லலாம்.

திரவத்துக்கு மிச்சமிருப்பது ஒரேயொரு குற்றம், ஒட்டுதல். தண்ணீர் கண்ணாடியை நனைக்கும். குப்பியை எதிர்ப்புறம் சாய்த்த பிறகும் இரு கம்பிகளுக்கிடையே மெல்லிய ஈரப்படலம் நிற்கும். மெகா ஓம் சுற்றோ அந்தப் படலத்தையும் கடத்தியென்றே கொள்ளும். நுண்மையால் வந்த லாபத்துக்கு நுண்மையாலேயே வந்த வினை இது. ஹோமியோபதி மாத்திரை வரும் சிறு குப்பிகளில் பிளாஸ்டிக்கால் ஆனதைத் தேர்ந்துகொண்டாலோ, கண்ணாடியேயானால் உள்ளே உருகிய மெழுகைச் சுழற்றி ஊற்றி மெல்லிய பூச்சாகப் படியவைத்தாலோ நீர் பெரிதும் ஒட்டாமல் வழிந்துவிடும். இரு கம்பிகளையும் ஒரே மூடியில் அருகருகே குத்தாமல், ஒன்றை மூடியிலும் மற்றதைக் குப்பியின் வயிற்றிலும் வைப்பது இன்னும் நல்லது. படலம் நெடுந்தூரம் செல்லவேண்டியிருக்கும். தடையை ஒரு மெகா ஓமிலிருந்து நூறு கிலோ ஓமுக்குக் குறைத்தாலும் படலத்தை அலட்சியம் செய்யும் முரட்டுத்தனம் சுற்றுக்கு வரும்.

உப்புக்குப் பதிலாகச் சமையல் சோடாவைக் கரைப்பதே என் தேர்வு. குளோரைடு இல்லாததால் எவர்சில்வர் ஊசிகளை அது அரிப்பது குறைவு, குளோரின் எழவும் வழியில்லை. ஊசிகளே வேண்டாமென்பவர், தீர்ந்துபோன பழைய மாதிரி டார்ச் பேட்டரியின் நடுவிலிருக்கும் கரிக்கோலையோ, தடித்த பென்சிலின் கருங்குச்சியையோ பயன்படுத்தலாம். கரைசலில் கிளிசரினை மூன்றில் ஒரு பங்கு கலப்பது நலம்: காற்றின் ஈரத்தை அது பிடித்துவைத்துக்கொள்வதால் நீர் வற்றுவது தாமதப்படும், திரவம் கெட்டிப்பட்டுச் சலசலப்பு அடங்கும், மலைப்பிரதேசக் குளிரில் உறையாது. எதை ஊற்றினாலும், கம்பி வெளிவரும் துவாரத்தை எபாக்ஸிப் பசையால் நன்றாக அடைக்காவிட்டால், கரைசல் கம்பியை ஒட்டியே நுண்ணிய வழியில் ஏறிவந்து வெளியே உப்புப் பூக்கும். பிறகு அந்த உப்பே ஈரத்தை வாங்கிக்கொண்டு கம்பிகளை இணைத்துவிடும். இதனோடு இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொல்லவேண்டும்: இந்தக் குப்பியை 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தின் அருகே கொண்டுபோகவே கூடாது. பேட்டரியால் இயங்கும் சுற்றுக்கே இது; பெரிய விளக்கையோ மோட்டாரையோ இயக்கவேண்டுமானால் நடுவே ரிலே இருக்கட்டும்.

திரவமே எதற்கு, குழாய்க்குள் ஓர் உருக்குக் குண்டு உருண்டு இரண்டு கம்பிகளைத் தொட்டால் போதாதா என்று கேட்பவருக்கு, போதும் என்பதே பதில். கடைகளில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் சாய்வு ஸ்விட்ச்சுகள் அப்படிப்பட்டவைதாம். குண்டு துள்ளும்; ஒருமுறை சாய்த்ததைச் சுற்று பத்துமுறை என்று எண்ணிவிடாதபடி, சிறிது நேரம் பொறுத்துப் பார்க்கச் சொல்லவேண்டியிருக்கும். சாயமிட்ட நீரை ஓர் ஒளிக்கற்றைக்குக் குறுக்கே வரச்செய்து கம்பியே இல்லாமல் சாய்வை அறிவதும் கூடும். ஆனால் விளக்கை எப்போதும் எரியவிட்டால் பேட்டரி தாங்காது.

எனினும் ஆம், இல்லை என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறு பேசாத குண்டும் பாதரசமும் செய்யமுடியாத ஒரு காரியத்தை, கடத்துவதில் இவ்வளவு மட்டமான உப்புநீர் செய்கிறது. கொத்தனார் கையிலுள்ள ரசமட்டத்தைப்போல் சற்றே வளைந்த குழாயில், குமிழி ஒன்று மிஞ்சும்படி கரைசலை நிரப்பி, நடுவில் ஒரு கம்பியும் இருபுறத்திலும் ஒவ்வொரு கம்பியுமாக மூன்று கம்பிகளைப் பதித்துவிட்டால், குழாய் மட்டமாக இருக்கும்போது நடுக்கம்பிக்கும் இருபுறக் கம்பிகளுக்கும் உள்ள தடைகள் சமமாயிருக்கும். சாயும்போது குமிழி ஒதுங்கி, ஒரு பக்கக் கம்பி அதிகமாக நனைந்து தடை குறைய, மறுபக்கத்தில் ஏறும். இருபுறத்துக்கும் எதிரெதிரான மாறுதிசை மின்சாரத்தைக் கொடுத்து நடுக்கம்பியில் மிஞ்சுவதை அளந்தால், சாய்ந்ததா என்பதோடு எத்தனை பாகை சாய்ந்தது, எந்தப் பக்கம் சாய்ந்தது என்பவையும் கிடைக்கின்றன. உஷ்ணம் ஒரு டிகிரி ஏறினால் கரைசலின் கடத்தும் திறன் நூற்றுக்கு இரண்டு பங்கு ஏறுமாயினும், இருபுறமும் ஒரே அளவில் ஏறுவதால் அவற்றின் விகிதம் மாறுவதில்லை. விமானங்களின் சுழல் கருவிகளை மட்டத்தில் நிறுத்துவதற்கு வைத்த நுண்ணிய மட்டக்குழாய்கள் இந்தத் தத்துவத்தில் அமைந்தவை. அவற்றில் பிளாட்டினக் கம்பியும் சாராயம் கலந்த கரைசலும் இருக்கும், வீட்டுக் குழாயில் பென்சில் கரியும் சமையல் சோடாவும் இருக்கும்.